கருவி தந்தால் போதுமா?

மேடை அமைத்து, மாலை சூட்டி, காதொலிக் கருவி வழங்குகின்றனர். கைதட்டல் வானைப் பிளக்கின்றது. மறுமாதம் போய்ப் பாருங்கள். கருவி பெட்டிக்குள் உறங்குகின்றது! ஏன்? எச்செவி எவ்வொலியை எவ்வளவு இழந்தது என்று அளந்து, அதற்கேற்பக் கருவியைச் சீர்செய்து, பழக்கித் தரும் செவியியல் வல்லுநர் பக்கத்தில் இல்லை. கண்ணைச் சோதிக்காமல் கண்ணாடி மாட்டுவாருண்டோ?

பதிவு பெற்றவரே இப்பணி ஆற்றலாம் என்று 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் வகுத்துவிட்டது. சட்டம் இருக்கிறது, ஆள் எங்கே? ஆளில்லா இடத்தில் புகுந்து, அளக்காமலே விற்கிறான் வணிகன்!

பிறந்த குழந்தைக்கு முதல் மாதத்துக்குள் செவிச்சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் முடிவு, ஆறாம் மாதத்துக்குள் சிகிச்சை என்கிறது மருத்துவம். காலம் தவறினால் ஒலி மட்டுமா நட்டம்? மொழியே நட்டம்! நாட்கூலியை இழந்து, குழந்தையைச் சுமந்து, தாயொருத்தி நகரத்துக்கு எத்தனை முறை அலைவாள்?

எனவே கேளுங்கள்: நம் வட்ட மருத்துவமனையில் செவியியல் வல்லுநர் உண்டா? ஒலிபுகாச் சோதனை அறை உண்டா? இல்லையெனில் ஊர் கூடி மனுக் கொடுங்கள்; வரும்வரை ஓயாதீர்கள்.

கருவி தருவது கருணை. வல்லுநரை அமர்த்துவதே கடமை!