கண்ணால் கண்டவர் இல்லையென்றால் வழக்கே இல்லையா?

குரங்கு மனிதனாக மாறியதைப் பார்த்ததாக முன்னோர் எவரும் எழுதவுமில்லை, சொல்லவுமில்லை. ஆகவே டார்வினின் கொள்கை தவறு, பாடத்திட்டம் மாற வேண்டும் என்று 2018 ஜனவரியில் ஔரங்காபாதில் பேசினார் அன்றைய மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் கூட்டாக அதை மறுத்தன. இப்படிச் சொன்னவர் மும்பை மாநகரக் காவல் ஆணையராக இருந்தவர் என்பதே வியப்பு. கண்ட சாட்சி இல்லாத வழக்கைத் தடயங்களைக் கொண்டு துலக்கும் துறை அது.

தடயம் மனிதனின் தொண்டையிலேயே இருக்கிறது. மூளையின் முகுளத்துக்கும் குரல்வளைக்கும் இடைத்தொலைவு ஒரு சாணுக்கும் குறைவு. ஆயினும் குரல்வளையை இயக்கும் இடப்பக்க நரம்பு அதைக் கடந்து மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறுகிறது. ஒட்டகச்சிவிங்கியில் இச்சுற்றுவழியின் நீளம் பல மீட்டர். மீனிலோ இதற்கு இணையான நரம்பு செவுளுக்கு நேர்வழியில் செல்கிறது. தலைமுறைகள் கோடிக்கணக்கில் கடந்து, கழுத்து நீண்டு இதயம் கீழிறங்கியபோது, தமனிக்குக் கீழே சிக்கிய நரம்பும் உடன் இழுபட்டது. தமிழ் எழும் தொண்டையிலும் மராத்தி எழும் தொண்டையிலும் ஓடுவது அந்தப் பழைய மீனின் நரம்புதான். குரல் போய்விடாதிருக்க, தைராய்டு அறுவையில் மருத்துவர் தேடிக் காப்பதும் இதனைத்தான்.

மூளையின் கதையும் இதுவே. முன்மூளை, நடுமூளை, பின்மூளை என்னும் முப்பிரிவு மீனுக்கும் தவளைக்கும் மனிதனுக்கும் பொது. பேச்சுத்திறனோடு தொடர்புடைய ஃபாக்ஸ்பி2 மரபணு உருவாக்கும் புரதத்தில் 715 அமினோ அமிலங்கள். மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் அவற்றில் வேறுபாடு இரண்டே. மனித மூளை புதிதாக வார்க்கப்பட்டதன்று. பழையதைத் திருத்தித் திருத்திக் கட்டப்பட்டது.

இந்த வரலாற்றைத்தான் 2023இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து வெட்டியது. ‘மரபும் பரிணாமமும்’ என்ற பாடம் ‘மரபு’ என்று குறுகியது. அறிவியலாளரும் ஆசிரியருமாக 1,800க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு எதிர்த்தனர். பாடச்சுமையைக் குறைக்கிறோம், 12ஆம் வகுப்பு உயிரியலில் அது இருக்கிறதே என்பது அரசுத் தரப்பின் மறுமொழி. உயிரியல் எடுப்பவருக்கு இருக்கிறது. பத்து முடித்து வணிகவியலுக்கோ ஐ.டி.ஐ.க்கோ செல்லும் பிள்ளைக்கு?

மூளையின் பகுதிகள் மட்டும் அதே நூலில் நீடிக்கின்றன, மனனம் செய்யவேண்டிய பெயர்ப்பட்டியலாக. வரலாறு வெளியேறிய வாசல் வழியே ‘உங்களுக்குள் ஒரு பல்லி மூளை’ என்று விற்கும் ஆளுமைப் பயிற்சியாளர் நுழைகிறார். பால் மக்லீன் 1960களில் முன்வைத்து, பின்னர் நரம்பியல் கைவிட்ட அடுக்குமூளைக் கருத்து அது. பள்ளியில் பரிணாமம் படித்தவரிடம் அச்சரக்கு எளிதில் விலைபோகாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். உல்லாஸ்நகரிலோ தாராவியிலோ மாநிலப் பாடத்திட்டத்தில் பயிலும் பிள்ளையின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூல், இரண்டாம் பகுதி, ‘மரபும் பரிணாமமும்’ என்றே தொடங்குகிறது. மேலான கல்வி என்று நம்பிப் பெற்றோர் கடன்பட்டு மத்தியப் பாடத்திட்டத்தில் சேர்த்த பிள்ளைக்கு அது இல்லை. மாநிலப் பாடநூல்களும் இப்போது புதிய கல்விக் கொள்கையை ஒட்டித் திருத்தப்பட்டு வருகின்றன. அந்த முதற்பாடம் தப்புமா என்று மும்பைத் தமிழ்ப் பெற்றோரும் தமிழ் அமைப்புகளும் இன்றே கேட்க வேண்டும். நூல் அச்சேறியபின் கேட்டுப் பயனில்லை.