ஐந்து பங்காளிகளும் ஒரு ஜமக்காளமும்

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே உலோகம் வீட்டு பீரோ. இந்த லட்சணத்தில், அக்கா பையன் மெட்டலர்ஜி படிக்கப் போகிறேன் என்றபோது, "பழைய இரும்புக் கடையா வைக்கப் போறே? பேசாம கம்ப்யூட்டர் எடு" என்று கூடத்தில் எல்லார் எதிரிலும் தீர்ப்புச் சொன்னவன் நான். பயல் கேட்கவில்லை. என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டான்.

நாலு வருஷம் கழித்து, போன தீபாவளிக்குத்தான் வாய் திறந்தான். "மாமா, உங்க பார்ட்னர்ஷிப் கணக்கு பாஷையிலேயே சொல்றேன். எஃகுன்னா இரும்புதான் முதலாளி, மத்ததெல்லாம் குமாஸ்தா. 2004-ல தைவான்ல யே, இங்கிலாந்துல கேன்ட்டர், ரெண்டு பேரும் தனித்தனியா முதலாளியே இல்லாத கலவையைப் பத்தி எழுதினாங்க. கேன்ட்டரோடதுல குரோமியம், மாங்கனீஸ், இரும்பு, கோபால்ட், நிக்கல் அஞ்சுக்கும் சமபங்கு. எந்த அணு எந்த நாற்காலியில உட்காரும்னு சொல்ல முடியாது. அந்தக் குழப்பத்துக்குத்தான் என்ட்ரோபின்னு பேரு."

"கம்பெனி ஓஹோன்னு ஓடுமே?"

"சட்டுனு உடையாது. ஆனா சீக்கிரம் வளைஞ்சு கொடுத்துடும்."

ஏன்? கல்யாண மண்டபத்து ஜமக்காளத்தை மொத்தமாக இழுத்தால் நகராது. ஓரத்தில் ஒரு சுருக்கம் உண்டாக்கி, அதை அந்தக் கோடி வரை தள்ளிக்கொண்டே போனால் முழுசும் நகர்ந்துவிடும். உலோகத்துக்குள்ளும் அணு வரிசைகளில் அப்படிச் சுருக்கங்கள் ஓடுகின்றனவாம். அதனால்தான் வளைகிறது. சுருக்கத்தை நிறுத்த என்ன வழி?

"ஜமக்காளத்து மேல அங்கங்கே பெரியப்பா, சித்தப்பாவை உட்கார வெச்சுடணும் மாமா!"

அதாவது, கலவையில் கொஞ்சம் அலுமினியம், டைட்டானியம் சேர்க்க வேண்டும். நன்றாகச் சூடாக்கினால் கரைந்துவிடும். சட்டென்று குளிர வைத்து, மறுபடி மிதமான சூட்டில் மணிக்கணக்கில் விட்டால், அந்த இரண்டும் நிக்கலோடு கூட்டணி சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மணிகளாகப் பிரிந்து உட்காரும். சுருக்கம் அவற்றில் முட்டிக்கொண்டு திணறும்.

இந்த வித்தை பழசு. 1906-ல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம், சூடாக்கிக் குளிர வைத்த அலுமினியக் கலவையை அப்படியே விட்டுவிட்டு லீவுக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால், சும்மா கிடந்ததே இறுகிப்போயிருந்தது! வார விடுமுறைக்கு இதைவிட நல்ல சிபாரிசு கிடையாது. மேனேஜரிடம் சொல்லிப் பாருங்கள்.

2018-ல் ஹாங்காங் நகரப் பல்கலைக்கழகக் குழு, இரும்பு, கோபால்ட், நிக்கலுக்கு 86 பங்கு, அலுமினியத்துக்கு 7, டைட்டானியத்துக்கு 7 என்று போட்டுக் காட்டிய கணக்கு: பலம் 1.5 கிகாபாஸ்கல். ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி சுமார் 150 கிலோ தாங்கும். மாப்பிள்ளையும் மாமனாரும் சேர்ந்து தொங்கலாம். அப்படியும் அறுவதற்கு முன் ஒரு மீட்டர் கம்பி ஒன்றரை மீட்டர் வரை நீளும். பலம் ஏறினால் இழுபடும் குணம் போய்விடும் என்பதுதான் வழக்கம். இங்கே இரண்டும் கிடைத்ததுதான் சேதி.

"அப்போ இன்னும் ரொம்ப நேரம் அடுப்பிலேயே வெச்சா?"

"சின்ன மணியெல்லாம் கரைஞ்சு, பெரிய மணி இன்னும் பெருத்து, எண்ணிக்கையில குறைஞ்சுடும். நடுவுல சந்து விழுந்து பலம் இறங்கிடும். ஓவர் ஏஜிங்."

கோபமும் அப்படித்தான் என்று தோன்றியது. நாலு வருஷம் போதும். "அன்னிக்கு நான் சொன்னது தப்புடா" என்றேன்.

பயல் என் தொந்தியை ஒரு பார்வை பார்த்தான்.

"பரவாயில்ல மாமா. ஓவர் ஏஜிங்!"