லைசென்ஸ் ரத்து ஆயிடுச்சு... அதோட முடிஞ்சுதா? கோல்ட்ரிஃப் விவகாரத்தில் கோர்ட் என்ன செய்ய முடியும்?

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் வருவது சுங்குவார்சத்திரம். ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பழகின ஊர். அங்கே இருந்த ஸ்ரீசன் பார்மா என்ற சின்ன கம்பெனி தயாரித்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்தைக் குடித்த பிறகு, 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா வட்டாரத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள்.

அக்டோபர் 9-ல் உரிமையாளர் கைது. 13-ல் தமிழக அரசு லைசென்ஸை ரத்து செய்தது. ஆனால் இரண்டு கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. ரத்து உத்தரவு கோர்ட்டில் நிற்குமா? கண்காணிக்க வேண்டிய துறையை யார் கேள்வி கேட்பது?

மருந்தில் என்ன இருந்தது?

மத்தியப் பிரதேசத்திலிருந்து தகவல் வந்ததும் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சோதித்தது. எஸ்.ஆர்-13 என்ற பேட்ச்சில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருப்பது அக்டோபர் 2-ல் தெரிந்தது. பிரேக் ஆயில் போன்றவற்றில் சேர்க்கும் ரசாயனம் இது. அனுமதி 0.1 சதவீதம்தான். தொழிற்சாலை ஆய்வில் 364 குறைபாடுகள் பதிவாகின.

ஒரே நாளில் ரிசல்ட் தர முடிந்த துறையால், 2011-ல் லைசென்ஸ் வாங்கிய ஒரு கம்பெனியில் இத்தனை குறைகளை முன்பே ஏன் பிடிக்க முடியவில்லை? முறையாக ஆய்வு செய்யவில்லை என்று முதுநிலை மருந்து ஆய்வாளர்கள் இருவர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள்.

கம்பெனிக்கு என்ன தண்டனை?

மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1940-ன்படி, கலப்பட மருந்தால் மரணம் நேர்ந்தது நிரூபணமானால் குறைந்தது 10 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள். அபராதம் குறைந்தது 10 லட்சம் ரூபாய், அல்லது பறிமுதல் செய்த மருந்தின் மதிப்பில் மூன்று மடங்கு. எது அதிகமோ அது. அந்தப் பணம் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் போக வேண்டும்.

அது கிரிமினல் வழக்கு. வருஷக்கணக்கில் இழுக்கும். அதனால் நஷ்ட ஈட்டுக்குத் தனி வழியும் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ல் 'பொருள் பொறுப்பு' என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. பெற்றோர் காஞ்சிபுரம் வரை அலைய வேண்டாம், சொந்த மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும்.

லைசென்ஸ் ரத்தை கம்பெனி எதிர்க்கலாமா?

எந்த கம்பெனியும் எதிர்க்கலாம். முதலில் மாநில அரசிடம் மேல்முறையீடு. அடுத்து, அரசியலமைப்பின் 226-வது பிரிவின் கீழ் ஹைகோர்ட்டில் ரிட் மனு. இதைத்தான் 'நீதித்துறை மறுஆய்வு' என்கிறோம்.

பலர் குழம்புவது இங்கேதான். மருந்து நல்லதா கெட்டதா என்று நீதிபதி பொதுவாக ஆராய மாட்டார். துறை முடிவெடுத்த விதத்தைத்தான் பார்ப்பார். அதிகாரம் இருந்ததா? நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்டார்களா? காரணம் எழுதினார்களா?

இதில் சறுக்கினால் என்ன ஆகும்? 2016 மார்ச்சில் மத்திய அரசு 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. சட்டப்படியான ஆலோசனைக் குழுவைக் கேட்கவில்லை என்று டெல்லி ஹைகோர்ட் அந்த டிசம்பரில் தடையை ரத்து செய்தது. 2017-ல் உச்ச நீதிமன்றம், குழுவைக் கேட்பது கட்டாயமில்லை என்றாலும் அதே குழு ஆராயட்டும் என்றது. 2018 செப்டம்பரில் அவற்றில் 328 மருந்துகளுக்கு மீண்டும் தடை வந்தது. இடையில் போனது இரண்டரை வருஷம்! அதனால்தான் நோட்டீஸ், பதில், உத்தரவு என்ற காகித வேலை முக்கியம். அது வெறும் சம்பிரதாயம் கிடையாது.

துறை சும்மா இருந்தால்?

அப்போதும் அதே 226-தான். கடமையைச் செய்யாத அதிகாரியைச் செய்ய வைக்கும் ரிட்டுக்குப் பெயர் 'மாண்டமஸ்'. உதாரணம் அதே சுங்குவார்சத்திரத்தில் இருக்கிறது. சாம்சங் தொழிலாளர் சங்கத்தின் பதிவு மனு நிலுவையில் கிடந்தபோது, ஆறு வாரத்தில் முடிவெடுங்கள் என்று 2024 டிசம்பரில் சென்னை ஹைகோர்ட் சொன்னது. 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. என்ன முடிவு என்று கோர்ட் சொல்லவில்லை. முடிவெடுக்கச் சொன்னது, அவ்வளவுதான்.

அரசே பணம் கட்ட வேண்டிய நிலையும் வரலாம். 2019-20 குளிர்காலத்தில் ஜம்முவின் ராம்நகரில் இதே ரசாயனம் கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்தார்கள். தயாரித்த கம்பெனி இருந்தது இமாச்சலில். ஆனாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 3 லட்சம் ரூபாய் தரும்படி ஜம்மு காஷ்மீர் நிர்வாகத்துக்கு தேசிய மனித உரிமை ஆணையம் சொன்னது. நிர்வாகம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 நவம்பரில் அங்கேயும் தோற்றது. கம்பெனி வேறு மாநிலத்தில் இருக்கிறது என்பதால் மட்டும் மருந்துத் துறை பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்பதுதான் இதில் கிடைக்கும் பாடம்.

அப்போ கோர்ட் எல்லாவற்றையும் சரி செய்துவிடுமா?

இல்லை. கோல்ட்ரிஃப் மரணங்கள் குறித்து சி.பி.ஐ. விசாரணை கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபர் 10-ல் தள்ளுபடி செய்தது. பொத்தாம்பொதுவாகக் கேட்கும் மனுவை விட, 'இந்தத் துறை, இந்தக் கடமையை, இந்தத் தேதிக்குள் செய்யவில்லை' என்று காட்டும் மனுவுக்குத்தான் பலம் அதிகம்.

அந்த ஆதாரம் நம் வீட்டிலேயே தொடங்குகிறது. மருந்து வாங்கினால் பில் கேளுங்கள். குழந்தைக்குக் கொடுத்த பாட்டிலைச் சில வாரம் தூக்கிப் போடாதீர்கள், பேட்ச் எண் அதில்தான் இருக்கும். சந்தேகம் வந்தால், கட்டணம் கட்டி அரசு பகுப்பாய்வாளரிடம் மருந்தைச் சோதிக்கக் கொடுக்க 26-வது பிரிவு யாருக்கும் உரிமை தருகிறது. சோதனை அறிக்கை கைக்கு வந்த பிறகும் துறை அசையவில்லையா? அப்போது ரிட் மனுவில் எழுத உங்களிடம் தேதியும் இருக்கும், ஆதாரமும் இருக்கும்.