ஐவரியா, சாம்பல் வெள்ளையா?

ஷேட் கார்டில் ஐவரியும் சாம்பல் சாயல் வெள்ளையும் அடுத்தடுத்து இருந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தனித்தனி அறையில் அடித்துவிட்டால், பகலில் வந்துபோகிறவர்களுக்கு இரண்டும் 'ஏதோ வெள்ளை'தான். சாயங்காலம் லைட் போட்டதும்தான் அந்த ஏதோ வெள்ளை தன் குணத்தைக் காட்டும்.

இரண்டிலும் அடிப்படை வெண்மை டைட்டானியம் டை ஆக்ஸைடுதான். கடை மெஷின் அதில் கொஞ்சம் மஞ்சள் ஆக்ஸைடு விட்டால் ஐவரிப் பக்கம் சாயும். கறுப்பு விட்டால் சாம்பல். அந்தச் சில சொட்டுக்குத்தான் வீட்டில் இத்தனை பஞ்சாயத்து. நம் வீடுகளில் பரவலாக எரிவது 6500 கெல்வின் எல்இடி டியூப், நீலம் தூக்கலான வெளிச்சம். அதில் சாம்பல் வெள்ளை இன்னும் நீலம் ஏறி ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி ஆகிவிடும். ஐவரியோ மஞ்சள் அடங்கி நல்ல வெள்ளையாக நிற்கும். 3000 கெல்வின் வார்ம் லைட் போட்டால் நிலைமை தலைகீழ்: ஐவரி மஞ்சள் பூத்துப் பழசாகத் தெரியும், சாம்பல் இதமாகும். பல்பைப் பார்க்காமல் கலர் பார்க்கிறவர்களை என்ன சொல்ல! (பெயின்ட்டை மாற்றுவதைவிட பல்பை மாற்றுவது மலிவு, அது வேறு விஷயம்.)

பகலில் தரையின் ஆட்டம். ரெட் ஆக்ஸைடு தரை போட்ட கூடத்தில் ஜன்னல் வெயில் தரையில் பட்டுச் சுவரின் கீழ்ப்பாதிக்கு ஏறும். ஐவரி அங்கே சிவந்து, மேலே ஒரு கலர் கீழே ஒரு கலராக நிற்கும். நீலம் கலந்த சாம்பல் அந்தச் சிவப்பைக் கொஞ்சம் அடக்கும்.

கார்டில் எல்ஆர்வி என்று ஓர் எண் இருக்கும். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதன் கணக்கு அது. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. இரண்டு கலருக்கும் ஒரே எண் இருக்கலாம். சாயல் எந்தப் பக்கம் என்று அது சொல்லாது.

பெயின்டர் பழைய சுவரிலேயே கைக்குட்டை அளவு அடித்துக் காட்டி "எது சார் வேணும்?" என்பார். அங்கே முடிவு எடுக்காதீர்கள். பழைய சுவர் பச்சையாக இருந்தால் அதற்கு நடுவில் எந்த வெள்ளையும் கொஞ்சம் சிவந்துதான் தெரியும். இரண்டடி வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். எமல்ஷன் காய்ந்தால் ஒரு பிடி அடர்த்தி கூடும். அட்டையைத் தரையில் படுக்கவைக்காமல் சுவரோடு நிமிர்த்திச் சாய்த்து, காலையிலும் இரவிலும் பாருங்கள்.

டியூப் லைட் வீடென்றால் என் ஓட்டு ஐவரிக்கு. ரெட் ஆக்ஸைடு கூடத்துக்கு மட்டும் சாம்பல். சீலிங்குக்கு இரண்டும் வேண்டாம், சாதா வெள்ளையே போதும்.