சுறா கள்ளனைத் தின்கிற படங்களும் எங்கள் பிள்ளைகளும்

கொஞ்சம் நீண்ட பதிவு. பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

தோட்டவெளி, எருக்கலம்பிட்டி, பேசாலைப் பக்கத்துப் பிள்ளைகளின் ஃபோனில் இப்போது ஒரு வகைப் படம் அடிக்கடி ஓடுகிறது. கள்ளர் கூட்டம் ஒன்று பணத்தைக் கொள்ளையடிக்கும். தப்புகிற வழியில் சுறாவிடமோ முதலையிடமோ பாம்பிடமோ மாட்டும். ஒவ்வொருவராகச் செத்து, கடைசியில் இரண்டு பேர் மிஞ்சுவார்கள். எல்லாம் தமிழில் டப்பிங். "இதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கெடுகிறார்கள், தடை செய்யுங்கள்" என்று பெற்றோர் பலர் சொல்கிறார்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் அதற்கு உடன்பாடில்லை. எங்களுடைய முறைப்பாடு வேறு.

முதலில் இந்தப் படங்கள் எப்படிச் செய்யப்படுகின்றன என்று பார்ப்போம். இது புதுச் சரக்கு இல்லை. 1959இல் அமெரிக்காவில் 'பீஸ்ட் ஃப்ரொம் ஹோன்டட் கேவ்' என்று ஒரு படம் வந்தது. தங்கக் கட்டிகளைத் திருடிய கூட்டத்தைப் பனிமலையில் சிலந்தி போன்ற ஒரு மிருகம் துரத்தும். 1981இல் வந்த 'வெனம்' படத்தில், லண்டனில் ஒரு சிறுவனைக் கடத்த வந்தவர்கள் கறுப்பு மாம்பா என்ற பாம்போடு ஒரே வீட்டில் அடைபடுவார்கள். 2012இல் அவுஸ்திரேலியாவில் எடுத்த 'பெய்ட்' படத்தில், சூப்பர் மார்க்கெட்டில் கொள்ளை நடக்கும்போது சுனாமி அடிக்கும், தண்ணீரோடு வெள்ளைச் சுறாவும் உள்ளே வரும்.

ஏன் எப்போதும் கள்ளர்? கணக்கு எளிது. மிருகத்தைக் காட்டுவதற்குக் காசு வேண்டும். மனிசனும் மனிசனும் "பங்கு யாருக்கு" என்று சண்டை பிடிப்பதைக் காட்ட ஒரு அறையும் நாலு நடிகர்களும் போதும். ஒன்றரை மணித்தியாலப் படத்தில் மிருகம் வருவது சில நிமிடங்கள்தான். செத்தவன் கள்ளன் என்றால் பார்ப்பவருக்குக் கவலையும் இல்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் பாதிப் பயம் தானாகப் போய்விடும்.

இந்தப் படங்களில் ஒரு நல்ல விசயமும் உண்டு. பேராசைக்காரன் தப்புவதில்லை. ஆனால் அதிலும் ஒரு பொய் இருக்கிறது. படத்தில் தலைவனும் படகில் இருப்பான், அவனையும் சுறா தின்னும். எங்கள் கரையில் அப்படியா நடக்கிறது? "ஒரு இரவு எஞ்சினைப் பிடி, கை நிறையக் காசு" என்று சொல்பவன் கரையில்தான் நிற்பான். நடுக்கடலில் கடற்படையிடம் பிடிபடுவது படிப்பை விட்ட பத்தொன்பது வயதுப் பையன். பொதியின் சொந்தக்காரன் பெயர் கடைசி வரை வெளியே வராது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு வாய் திறந்து சொல்ல வேண்டியது நாங்கள்தான். எந்தப் படமும் சொல்லாது.

இனி எங்கள் முக்கிய முறைப்பாட்டுக்கு வருகிறோம். இந்தப் படங்கள் மிருகத்தைக் கொலைகாரன் ஆக்குகின்றன.

ரோஜர் கோர்மன் 1961இல் 'க்ரீச்சர் ஃப்ரொம் த ஹோன்டட் சீ' என்று ஒரு மலிவுப் படம் எடுத்தார். கியூபாவின் அரச தங்கத்தோடு தப்புகிறவர்களைத் தன் படகில் ஏற்றுகிறான் ஒரு கள்ளன். அவர்களைக் கொன்றுவிட்டு, கடல் மிருகம் கொன்றது என்று கதை கட்டுவதுதான் அவன் திட்டம். பிறகு உண்மையாகவே ஒரு மிருகம் வந்துவிடும். நகைச்சுவைப் படம்தான். ஆனாலும் கொலை செய்வது மனிசன், பழி விழுவது மிருகத்தின் மேல் என்பதை அந்தப் படம் ஒளிக்கவில்லை. பின்னால் வந்த பல படங்கள் அதை மறந்துவிட்டன.

இந்த விளையாட்டில் எங்கள் நாட்டின் பெயரும் அடிபட்டிருக்கிறது. 1768இல் ஸ்கொட்லாந்துச் சஞ்சிகை ஒன்றில், இலங்கையில் 'அனகொண்டா' என்ற பெரும் பாம்பு புலியைக் கொன்று விழுங்கியதை நேரில் கண்டதாக ஒருவர் எழுதினார். இலங்கைக் காட்டில் சிறுத்தை உண்டு, புலி ஏது? அனகொண்டாவும் தென் அமெரிக்காப் பாம்பு. அந்தப் பெயர் மட்டும் இங்கிருந்து, சிங்களத்திலோ தமிழிலோ இருந்து போனது என்று சொல்வார்கள். 1997இல் வந்த 'அனகொண்டா' படத்தைத் தமிழில் பார்த்துப் பயந்த தலைமுறைதான் நாங்கள். அந்தப் படத்திலும் காசுக்காகப் பாம்பைப் பிடிக்கப் படகையே கடத்துகிறவன் ஒரு மனிசன்தான்.

சுறாவுக்கு வருவோம். சீண்டாமலே சுறா தாக்கி இறப்பவர்கள் முழு உலகத்திலும் வருடத்துக்குச் சராசரியாகப் பத்துப் பேருக்கும் குறைவு. மனிசர் கொல்லும் சுறாக்களோ வருடத்துக்குப் பத்துக் கோடி அளவில் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. எங்கள் வீட்டுச் சுறா வறையை நினைத்துப் பாருங்கள். யார் யாரைத் தின்கிறோம்? 'ஜோஸ்' நாவலை எழுதிய பீற்றர் பெஞ்ச்லி, தன் கதையால் சுறாவின் மேல் மக்களுக்கு வந்த வெறுப்பைக் கண்டு, பிற்காலத்தில் சுறாவைக் காக்கும் வேலையில் இறங்கினார்.

எங்கள் கடலில் உண்மையான கொள்ளை எது? அடிமட்டத்தை வாரி எடுக்கும் இழுவை மடி. 2017இல் இலங்கை அதைச் சட்டத்தால் தடை செய்தது. அதன் பிறகும் எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகளால் வலை இழந்தவர்கள் எங்கள் ஊர்களில் எத்தனை பேர்? கடற்புல்லை மேய்ந்து வாழும் சாதுவான கடற்பசு வலையிலும் வெடியிலும் சாகிறது. இதையெல்லாம் படம் எடுத்தால் அதில் மிருகம் வில்லன் இல்லை.

பாம்பு விசயம் உயிர் விசயம், விளையாட்டில்லை. 2012-2013இல் நாடு முழுவதும் நடந்த ஆய்வு ஒன்றின் மதிப்பீட்டின்படி, ஒரு வருடத்தில் 80,000க்கு மேற்பட்டோர் பாம்புக் கடிக்கு ஆளாகிறார்கள். அதில் விஷம் ஏறுவது ஏறக்குறைய 30,000 பேருக்கு, இறப்பது 400க்கு மேற்பட்டோர். கடிபட்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். படத்தில் பாம்பு கடித்தவன் இரண்டு நிமிடத்தில் வாயில் நுரை தள்ளிச் சாவான், இல்லாவிட்டால் நண்பன் கத்தியால் கீறி விஷத்தை உறிஞ்சிக் காப்பாற்றுவான். இரண்டையும் நம்பிவிட்டால் ஒரு பிள்ளையின் உயிர் போகும். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அரச ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். பாம்பைத் தேடிப் பிடித்து அடிப்பதில் நேரத்தைப் போக்காதீர்கள். கட்டுவிரியன் தரையில் தூங்குபவரை இரவில் கடித்தால் வலி பெரிதாகத் தெரியாது. அதனால் விடியும்வரை பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். வளவில் எலி பிடிக்கும் சாரையை வில்லனாக நினைத்து அடித்துக் கொல்லவும் வேண்டாம்.

ஆகவே பெற்றோரிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். ஃபோனைப் பறிக்காதீர்கள். ஒரு நாளாவது பக்கத்தில் இருந்து சேர்ந்து பாருங்கள். முடிந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள்: இதில் உண்மையான கள்ளன் யார்? அந்த மிருகம் நிசத்தில் எப்படி வாழும்? உனக்கு இப்படி நடந்தால் முதலில் என்ன செய்வாய்? மூன்றாவது கேள்விக்குப் பிள்ளை சரியான பதில் சொன்னால், அந்தப் படம் பார்த்ததில் நட்டமில்லை.

கடல் தொழில் செய்யும் காக்காமார், அண்ணன்மார் இதை வாசித்தால், சுறா, திருக்கை, கடற்பாம்பு பற்றி நீங்கள் கண்டதைக் கீழே எழுதுங்கள். அதை வகுப்பில் வாசித்துக் காட்ட ஆசைப்படுகிறோம். எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லாதது உங்களிடம் நிறைய இருக்கிறது.