கம்பெனியின் நினைவுக்குத் திறந்த கதவு

மாண்புமிகு தமிழ்நாடு சட்டமன்றப் பேரவைத் தலைவர் அவர்களுக்கு, கிருஷ்ணகிரி மாவட்டம் குருபரப்பள்ளியிலிருந்து எழுதப்படும் திறந்த மடல்.

அவை கூடும் நாட்களில் அதன் நடவடிக்கைகளைப் பொதுமக்கள் அமர்ந்து காணப் பார்வையாளர் மாடம் உண்டு. இம்மடல் அவை கூடாத நாட்களைப் பற்றியது. ஆண்டின் பெரும்பகுதி அத்தகைய நாட்களே.

பேரவை இயங்கும் சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள், 1795இல் கட்டி முடிக்கப்பட்ட மாளிகை ஒன்றில், இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இயங்குகிறது. கட்டணம் செலுத்திய எவரும் அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயங்களையும், படைக்கருவிகளையும், ஆளுநர்களின் உருவப்படங்களையும், கார்ன்வாலிஸின் சிலையையும் காணலாம். யாருடைய பரிந்துரையும் தேவையில்லை. அதே கோட்டையில்தான் 1967 ஜூலை 18 அன்று இம்மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தீர்மானம் நிறைவேறியது. அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பு, சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத் தலைவராக முத்துலட்சுமி ரெட்டி பணியாற்றியதும் இங்கேதான். ஆனால் அந்த வரலாற்றைத் தாங்கிய பேரவை மண்டபத்தை, அவை கூடாத ஒரு நாளில் சீட்டு வாங்கிச் சென்று காணும் ஏற்பாடு பொதுமக்களுக்கு இல்லை. அடிமைப்படுத்தியவர்களின் நினைவுப் பொருட்கள் மக்களுக்குத் திறந்திருக்க, தன்னாட்சியின் இடம் மூடிக்கிடப்பது எவ்வகையில் நியாயம்?

பாதுகாப்பு என்னும் விடையை ஏற்க இயலாது. 1951இல் நேரு அடிக்கல் நாட்டி, அன்றைய முதலமைச்சர் கெங்கல் அனுமந்தையாவின் முயற்சியால் 1956இல் நிறைவுற்ற பெங்களூரு விதான சௌதாவும் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் ஒருங்கே இயங்கும் கட்டடமே. அங்கே 2025 ஜூன் முதல், ஞாயிற்றுக்கிழமைகளிலும் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளிலும், பெரியவர்களுக்கு 50 ரூபாய் கட்டணத்தில் வழிகாட்டியுடன் கூடிய சுற்றுலாவைக் கர்நாடக அரசு நடத்துகிறது. பணி நடக்காத விடுமுறை நாட்களைத் தேர்ந்தெடுத்ததில்தான் அந்த ஏற்பாட்டின் நுட்பம் இருக்கிறது.

குருபரப்பள்ளி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முறையில் உழைப்பவர் ஒருவர் தம் வார விடுமுறையில் பேருந்தேறி அண்டை மாநிலத்தின் சட்டமன்றத்தைக் கண்டு அன்று மாலையே வீடு திரும்பிவிடலாம். தாம் வாக்களித்து அமைத்த அவையின் மண்டபத்தை அவ்வாறு காண அவருக்கு வழியில்லை. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி கோட்டையிலிருந்து இருமுறை ஆட்சி நடத்தியதைப் பாடநூலில் படிக்கும் இவ்வட்டாரப் பிள்ளைகள், அந்தக் கோட்டையைப் படத்தில் பார்த்ததோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தவர் யார்? மக்கள் வரிப்பணத்தில் பராமரிக்கப்படும் மண்டபத்தை மக்கள் காண்பதற்கு ஒருவருடைய தயவு வேண்டும் என்ற நிலை வெட்கத்திற்குரியது. இத்தனை காலம் இது நீடித்திருப்பது அதனினும் வெட்கம்.

அவை கூடாத விடுமுறை நாட்களில் மண்டபம் திறக்கப்பட வேண்டும். சுற்றிக் காட்டுவோர் தமிழோடு, எல்லைப்புற மக்கள் வீட்டில் பேசும் தெலுங்கிலும் கன்னடத்திலும் விளக்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவரிடம் கட்டணம் வாங்கலாகாது. மறுப்பதே முடிவு என்றால், அந்த மறுப்பையும் அதற்கான காரணத்தையும் பேரவைத் தலைவர் தம் கையொப்பமிட்டு வெளியிடட்டும்.