பாட்டு ஊரெங்கும், கணக்கு யாரிடம்?

நைனார்பாளையத்திலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் கோயில் திருவிழா ஆனாலும் சரி, கல்யாண ஊர்வலம் ஆனாலும் சரி, மைக்செட்காரர் மறக்காமல் போடும் பாட்டு ஒன்று உண்டு. மக்காச்சோளம் அடிக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் நிற்கும் டிராக்டரிலும் அதுதான் கேட்கிறது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிப் போகும் லாரியிலும் அதுதான். 'என்ஜாய் எஞ்சாமி' என்று அதற்குப் பெயர். 2021 மார்ச் 7ஆம் தேதி வெளிவந்தது. சினிமாப் பாட்டு அல்ல. எந்தக் கதாநாயகனின் தயவும் அதற்கு இல்லை. யூடியூபில் தனிப் பாட்டாக வந்து, இதுவரை 40 கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டு ஜனத்தொகையே எட்டுக் கோடிக்குள்தான் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆட வைக்கிற ஒரு பாட்டைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கலாம். நிறைய இருக்கிறது. அந்தப் பாட்டின் விஷயமே நிலம்தான். காட்டைத் திருத்தி, மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, பயிரும் மரமும் வைத்தவன் கையில் ஏன் ஒரு சென்ட் நிலம்கூட இல்லை என்ற கேள்வியை அது கேட்கிறது. அந்தக் கேள்வியை நாம் மேடை போட்டு, துண்டுப் பிரசுரம் அடித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு பாட்டு அதையே தாளத்தோடு கேட்டதும் கோடிக்கணக்கான ஜனங்கள் எழுந்து ஆடினார்கள். அதற்காக நாம் பொறாமைப்பட வேண்டியதில்லை.

பாட்டை எழுதிப் பாடியவர் அரக்கோணத்துக்காரரான அறிவு. 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடி வந்தவர். அவரோடு சேர்ந்து பாடியவர் தீ. 2018இல் வந்த 'மாரி 2' படத்தின் 'ரவுடி பேபி' பாட்டில் ஒலித்த குரல் அவருடையது. இசையமைப்பு சந்தோஷ் நாராயணன். வெளியிட்ட நிறுவனம் மாஜா. சினிமாவை நம்பாத சுயேச்சைக் கலைஞர்களுக்கு ஒரு மேடை என்று, ஏ.ஆர். ரஹ்மானின் ஆதரவோடு தொடங்கப்பட்ட நிறுவனம் அது. ஒப்பாரி, வயல்காட்டுப் பாட்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து பிறந்த ராப், நவீன நடனத் தாளம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து செய்த பண்டம் இது. பிசைந்த கை தேர்ந்த கை என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

'எஞ்சாமி' என்றால் 'என் சாமி'. இந்தச் சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் வயலில் நிற்கும் கூலியாள் நிலக்காரரைப் பார்த்து இடுப்பை வளைத்துச் சொன்ன சொல்லும் 'சாமி'தான். அதே ஆள் வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளையை மடியில் போட்டுக் கொஞ்சும்போது சொல்லும் சொல்லும் 'சாமி'தான். ஒரே நாக்கில் அடிமைத்தனமும் அன்பும் குடியிருக்கிற சொல் அது. அதில் இரண்டாவது சாமியை எடுத்துக்கொண்டு முதல் சாமியைத் தள்ளிவிட்டதில்தான் இந்தப் பாட்டின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம். பட்டணத்து விடுதிகளில் ஆடியவர்களுக்கு இது தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது. பரவாயில்லை.

இந்தப் பாட்டுக்கு வேர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு இந்தியா திரும்பிய லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். அந்தக் கதை நம் ஜில்லாவுக்கு அந்நியமானதல்ல. திருச்சி, மதுரை, சேலம், தென்னாற்காடு என்று பஞ்சம் தலைகாட்டிய இடத்திலெல்லாம் கங்காணி போய் நின்றான். முன்பணம் கொடுத்தான். கப்பலில் ஏறுமுன்பே கடன் ஏறிவிட்டது. தோட்டத்தில் அந்தக் கடனை எழுதி வைத்த காகிதத்துக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டில் உள்ள கடன் தீராமல் ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. கணக்கு எழுதியவன் கங்காணி. கைநாட்டு வைத்தவன் தொழிலாளி. காப்பியும் தேயிலையும் விளைந்த மலைகளில் லயன் காம்பிராக்களில் தலைமுறைகள் பிறந்து இறந்தன. 1948இல் இலங்கைச் சர்க்கார் ஒரு பிரஜா உரிமைச் சட்டம் கொண்டுவந்து அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி காலத்து ஒப்பந்தம் பாதி பாதியாக்கியது. சந்தையில் ஆடு பிரிப்பதுபோல! போவதா இருப்பதா என்று அந்த ஜனங்களிடம் யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்தவர்களில் பலர் நீலகிரிக்குப் போய் மறுபடியும் தேயிலையே பறித்தார்கள். அவர்களுக்கென்றே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அங்கேயும் செடி வைத்தது அவர்கள் கை. நிலம் அவர்கள் பெயரில் இல்லை.

இதெல்லாம் பழங்கதை என்று யாராவது நினைத்தால், கல்வராயன் மலை நமக்குத் தூரமில்லை. மூன்று ஜாகிர்தார்கள் அந்த மலையை வைத்திருந்தார்கள். 1947க்குப் பிறகும் பல வருஷங்கள் அங்கே மலையாளி ஜனங்கள் கூலியில்லாமல் உழைத்து, வரியும் கட்டிவந்தார்கள். இன்றைக்கும் மலையிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கேரளத்துக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் கூலி வேலைக்குப் போகிறார்கள். முன்பணம் வாங்கித்தான் போகிறார்கள். கங்காணி என்ற பெயர் மாறி ஏஜெண்ட் என்று ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

பாட்டு வந்த சமயத்தையும் சொல்ல வேண்டும். அப்போது டில்லி எல்லையில் விவசாயிகள் மாதக்கணக்கில் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். சில வாரங்களில் கொரோனாவின் இரண்டாவது அலை வந்து ஊர்ச் சுடுகாடுகளை நிரப்பியது. வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஜனங்கள் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒப்பாரியை எடுத்து ஆட்டமாக்கிவிட்டார்களே என்று சிலர் அங்கலாய்த்ததும் உண்டு. இந்த அங்கலாய்ப்பை நாம் ஏற்கவில்லை. நம் சேரிகளிலும் ஊர்களிலும் சாவுக்குப் பறையடித்து ஆடாத நாள் எது? அழுகையையும் ஆட்டத்தையும் தனித்தனிப் பெட்டியில் வைத்தவர்கள் சபாக்காரர்கள், உழைப்பவர்கள் அல்ல. மேல்நாட்டுத் தாளம் என்ற புகாரும் நிற்காது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் சினிமா மெட்டுக்குத்தான் எழுதினார். மெட்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்தா அவர் பாட்டை ஜனங்கள் மடியில் முடிந்துகொண்டார்கள்?

சரி, பாட்டு ஜெயித்தது. பிறகு நடந்ததுதான் விஷயம்.

2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகை தன் அட்டையில் தீயையும், 'நீயே ஒளி' பாட்டின் ஷான் வின்சென்ட் டி பாலையும் போட்டது. இரண்டு பாட்டுக்கும் எழுதிய அறிவின் படம் அந்த அட்டையில் இல்லை. டைரக்டர் பா. இரஞ்சித் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். எதிர்ப்பு வலுத்த பிறகு பத்திரிகை அறிவின் படத்தோடு இன்னொரு டிஜிட்டல் அட்டை போட்டது. பாட்டை பிரெஞ்சு இசைக்காரர் டிஜே ஸ்னேக் மாற்றி அமைத்து வெளியிட்டபோது நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் வைத்த விளம்பரப் பலகையிலும் அறிவு இல்லை. 2022 ஜூலை 28ஆம் தேதி சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழா நடந்தது. பிரதமரும் முதலமைச்சரும் இருந்த மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று காரணம் சொல்லப்பட்டது. ஒரு தடவை விட்டுப்போனால் தவறுதல் என்று ஒப்புக்கொள்ளலாம். மூன்றாவது தடவையும் அதே ஆள் விட்டுப்போனால் அதற்குத் தவறுதல் என்ற பெயர் பொருந்தாது. நிலமற்றவனின் பாட்டை எடுத்துக்கொண்டு நிலமற்றவனின் பேரனைப் படத்திலிருந்து வெட்டுவது இந்த நாட்டில் ஜாதி வேலை செய்யும் விதம். திட்டம் போட்டுத்தான் செய்ய வேண்டும் என்பதில்லை, பழக்கமே போதும்.

ஒலிம்பியாட் தொடக்க விழா முடிந்த கையோடு அறிவு அறிக்கை விட்டார். மெட்டும் சொல்லும் பிறர் தந்தவை அல்ல, ஆறு மாதம் தூக்கமின்றி உழைத்துச் செய்தவை என்றார். சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். 2020 டிசம்பரில் தாமும் தீயும் டைரக்டர் மணிகண்டனும் யோசித்துத் தொடங்கிய முயற்சி இது. இசையமைத்ததும் தொகுத்ததும் தாம். உரிமையும் வருமானமும் தீ, அறிவு, தாம் மூவருக்கும் சமம் என்றார். தீ தாமும் எல்லா இடத்திலும் அறிவின் பெயரைச் சொல்லியே வந்ததாக எழுதினார். உடனே ஜனங்கள் கோஷ்டி பிரிந்தார்கள். அறிவு கோஷ்டி, தீ கோஷ்டி. கிரிக்கெட் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். இருபது சொச்சம் வயதுப் பெண் ஒருத்தியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தித் திட்டிய சூரர்களும் உண்டு. அட்டைப் படத்தைத் தேர்ந்தெடுத்தவரும் பலகையை மாட்டியவரும் அந்தப் பெண் அல்ல என்ற சின்ன உண்மை அவர்களுக்கு எட்டவில்லை.

2024 மார்ச்சில் விஷயம் வேறு முகம் காட்டியது. பாட்டு வந்து மூன்று வருஷமாகியும் இந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசா வருமானமும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் காணொளி போட்டுச் சொன்னார். மாஜா நிறுவனத்தைத்தான் அவர் குறிப்பிட்டார். ரஹ்மானும் இதில் பாதிக்கப்பட்டவரே என்றும் சொன்னார். கொடுக்கல் வாங்கலில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் கோர்ட் அல்ல. ஆனால் அவர் சொன்னது மெய்யானால், 2022இல் ஊரே இரண்டாகப் பிரிந்து யாருக்கு எவ்வளவு பங்கு என்று சண்டை போட்டதே, அந்தப் பங்கு என்ன? பூஜ்யத்தை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்குப் பூஜ்யம். பாட்டு எழுதியவரும் இசை செய்தவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றபோது, கணக்குப் புத்தகம் அந்த இருவரில் ஒருவர் கையிலும் இல்லை. தோட்டத்துத் 'துண்டு' ஞாபகம் வருகிறதா?

இதைச் சொல்வதால் அறிவின் வழக்கு அடிபட்டுப் போகாது. பெயர் வேறு, பணம் வேறு. இரண்டையும் பறிகொடுத்தவன் இரண்டையும் கேட்பான். சந்தோஷ் நாராயணனுக்குப் பெயர் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. அறிவுக்கு அவர் கணக்குப்படி பணமும் இல்லை, அட்டையில் முகமும் இல்லை. இந்த வித்தியாசத்தைப் பூசி மெழுகி 'எல்லாரும் ஒன்றுதான்' என்று சொல்கிறவர்களோடு நமக்கு உடன்பாடில்லை.

உலகத்தில் இது முதல் தடவையும் அல்ல. தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்ற ஜூலு பாட்டுக்காரர் 1939இல் 'முபூபே' என்ற பாட்டை இசைத்தட்டில் பாடினார். உரிமையைக் கம்பெனி சில ஷில்லிங்குகளுக்கு வாங்கிக்கொண்டது. அந்த மெட்டு அமெரிக்கா போய், பெயர் மாறி, உலகமெல்லாம் பாடும் சிங்கப் பாட்டாக ஆனது. டிஸ்னி கம்பெனியின் 'லயன் கிங்' படம் வரை வந்தது. லிண்டா 1962இல் ஏழையாகவே செத்தார். அவருடைய பெண்மக்கள் வழக்குப் போட்டு, 2006இல்தான் ஒரு சமரசம் ஏற்பட்டது. அப்பன் பாடி அறுபத்தேழு வருஷம் ஆகியிருந்தது!

நம் நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கவே முடியாது, கொடுத்தாலும் செல்லாது என்கிறது அந்தத் திருத்தம். பாடியவர்களுக்கும் உரிமை உண்டு. நல்ல சட்டம். குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் நல்ல சட்டம்தானே? நைனார்பாளையத்தில் பருத்தி எடுக்கும் எந்தத் தாயாரிடமாவது அதைப்பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். சட்டம் பங்கு உண்டு என்று சொல்கிறது. மொத்தம் எவ்வளவு வந்தது என்று சொல்ல வேண்டியவன் கம்பெனிக்காரன். யூடியூப் எத்தனை தந்தது, ஸ்பாட்டிஃபை எத்தனை தந்தது, விளம்பரத்தில் எத்தனை என்ற கணக்கு பாட்டுக்காரனுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. பார்த்த தலைகளின் எண்ணிக்கை மட்டும் ஊரறியத் திரையில் ஓடுகிறது.

நம் பக்கத்து இளைஞர்களும் இன்று சும்மா இருக்கவில்லை. கையில் உள்ள போனிலேயே பறையையும் கும்மிப் பாட்டையும் பதிவு செய்து போடுகிறார்கள். நன்றாகவே செய்கிறார்கள். கொஞ்சம் பேர் வந்ததும் யாராவது ஓர் ஒப்பந்தத்தோடு வருகிறார். ஒப்பந்தம் இங்கிலீஷில் இருக்கிறது. பாட்டியின் பாட்டு, பேரனின் கையெழுத்து, உரிமை யாருக்கோ. நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமல்ல. இயல் இசை நாடக மன்றமும் கலை பண்பாட்டுத் துறையும் ஜில்லாவுக்கு ஒரு வக்கீலை நியமித்து, கலைஞர்கள் கொண்டுவரும் ஒப்பந்தத்தை இலவசமாகத் தமிழில் படித்துச் சொல்ல ஏற்பாடு செய்யட்டும். தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தம் அச்சடித்துக் கொடுக்கட்டும். வருமானக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும் என்ற ஷரத்து அதில் முதலாவதாக இருக்கட்டும். ஒலிம்பியாட் மேடைக்கு அந்தப் பாட்டை அழைத்த சர்க்கார் இதைச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறது. கள்ளக்குறிச்சியில் இதைத் தொடங்கினால் மலையிலிருந்து இறங்கி வரும் பாட்டுக்காரர்களுக்கும் எட்டும்.